டெக்ஸ்டெரிட்டி: வலது கை வென்ற கதை

வெளிநாட்டில் மேற்படிப்புக்காக ஆங்கிலச் சொற்பட்டியலை உருப்போட்டவர்களுக்கு இந்தச் சொற்கள் பழக்கமாக இருக்கும். 'ஏ' வரிசையில் 'அட்ராய்ட்', அதாவது சாமர்த்தியமான. 'டி' வரிசையில் 'டெக்ஸ்டெரிட்டி', அதாவது கைத்திறன். 'ஜி' வரிசையில் 'கோஷ்', அதாவது நாகரிகம் தெரியாமல் தடுமாறுகிற. 'எம்' வரிசையில் 'மாலட்ராய்ட்', திறமையற்ற. 'எஸ்' வரிசையில் 'சினிஸ்டர்', தீய நோக்கம் கொண்ட. அகர வரிசைப்படி படிக்கும்போது இவற்றுக்குள் ஒரு தொடர்பும் தெரியாது. ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த மறுநாள் தனித்தனியாக மறந்தும் விடுவோம்.

ஆனால் இந்த ஐந்து சொற்களும் நம் இரண்டு கைகளைப் பற்றியவை. திறமை என்று பொருள் தருபவை எல்லாம் வலது பக்கம் நிற்கின்றன. தடுமாற்றமும் தீமையும் இடது பக்கம் போய்விட்டன. மாலட்ராய்ட் என்பதுகூட வலதுக்கு முன்னால் ஒரு 'கெட்ட' சேர்த்து உண்டான சொல்தான். இந்தப் பங்கீடு எப்போது, எப்படி நடந்தது என்று தேடிப் போனதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். நடுநாயகம் டெக்ஸ்டெரிட்டி.

லத்தீனில் 'டெக்ஸ்டெர்' என்றால் வலது. 'டெக்ஸ்ட்ரா' என்றால் வலது கை. ரோமானியர்களுக்கு வலது கை வெறும் உறுப்பு மட்டுமல்ல, வாக்குறுதியும் அதுவே. ஒப்பந்தம் செய்யும்போது வலது கையைப் பிடித்துக்கொள்வார்கள். திருமணத்தில் மணமக்கள் வலது கைகளைக் கோப்பது ரோமானியக் கல்லறைச் சிற்பங்களில் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்ட காட்சி. அந்த டெக்ஸ்டெரிலிருந்து 'டெக்ஸ்டெரிடாஸ்' என்ற பண்புப்பெயர் வந்தது. நேராக மொழிபெயர்த்தால் 'வலதுத்தன்மை'. ஆனால் லத்தீனிலேயே அது லாகவம், சமயோசிதம், காரியத்தை முடிக்கும் சாமர்த்தியம் என்றெல்லாம் பொருள் தந்தது. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, வலது கை என்ற பழைய அர்த்தம் உள்ளே ஒளிந்துகொண்டு, திறமை மட்டும் வெளியே தெரிந்தது. இன்று ஒரு இடக்கைக்காரப் பெண் அற்புதமாக வீணை வாசித்தால் ஆங்கிலத்தில் அவளுடைய டெக்ஸ்டெரிட்டியைத்தான் பாராட்ட வேண்டியிருக்கிறது. அதாவது அவளுடைய வலதுத்தன்மையை!

இங்கே ஒரு இடைச்செருகல். டெக்ஸ்டர் என்ற பெயரைக் கேட்டதும் கார்ட்டூன் நெட்வொர்க்கின் குட்டி விஞ்ஞானி ஞாபகம் வரலாம். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு இங்கிலாந்து கேப்டனாக இருந்த டெட் டெக்ஸ்டர் ஞாபகம் வரலாம். இந்தக் குடும்பப் பெயருக்கும் வலது கைக்கும் சம்பந்தம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் துணிக்குச் சாயம் போடுகிறவரைக் குறித்த சொல் மருவி இப்படி ஆனது. ஒலி ஒன்றாக இருப்பதாலேயே உறவு கொண்டாடிவிட முடியாது என்பதற்கு நல்ல உதாரணம்.

உண்மையான உறவினர் வேறு இடத்தில் இருக்கிறார், அதுவும் நமக்குப் பக்கத்திலேயே. சமஸ்கிருதத்தில் 'தக்ஷ' என்றால் திறமை வாய்ந்த. 'தக்ஷிண' என்றால் வலது. லத்தீன் டெக்ஸ்டெரும் சமஸ்கிருத தக்ஷிணமும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. இதில் மொழியியலாளர்களுக்குள் சண்டை இல்லை. கிழக்கு நோக்கி நின்றால் வலது கைப் பக்கம் தெற்கு வரும், ஆகவே தக்ஷிணம் தெற்கும் ஆயிற்று. தட்சிணாமூர்த்தி தெற்கு நோக்கி அமர்ந்திருப்பதும், கோயிலை வலமாகச் சுற்றுவதைப் பிரதட்சிணம் என்பதும் இந்தச் சொல்லின் இரண்டு முகங்கள். பிராகிருத வடிவமான தக்கிணத்திலிருந்து தக்காணம் வந்தது, அதையே வெள்ளைக்காரன் டெக்கான் ஆக்கினான். டெக்கான் பீடபூமியும் டெக்ஸ்டெரிட்டியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று பூகோளப் பாடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.

பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, பிரிட்டன் தீவின் மேற்கு ஓரத்தில் பேசப்படும் வெல்ஷ் மொழியிலும் 'டே' என்ற ஒரே சொல்தான் வலதுக்கும் தெற்குக்கும். அதுவும் இதே வேர்தான். வேறு குடும்பத்தைச் சேர்ந்த அரபியிலும் இதே கதை நடந்திருக்கிறது: யெமன் என்ற நாட்டுப் பெயரில் இருப்பது வலது என்று பொருள்படும் வேர். சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து நின்ற மனிதன் தன் உடம்பையே திசைகாட்டியாக வைத்துக்கொண்டான் என்றுதான் தோன்றுகிறது.

தமிழும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. ஆனாலும் நாமும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறோம். வலம், வலது என்பவை 'வல்' என்ற வேரோடு சேர்ந்தவை. வல்லமை, வல்லவன், வலிமை, வன்மை எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். வலம் என்பதற்கு வெற்றி என்றும் பொருள் உண்டு. சங்க இலக்கியத்தில் தேரோட்டிக்குப் பெயர் வலவன், குதிரைகளைக் கட்டுப்படுத்தும் திறன் உள்ளவன். ஆக, பலம், திறமை, வெற்றி, வலது கை நான்கும் தமிழில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஆங்கிலத்தில் கைவினையைக் குறிக்கும் 'கிராஃப்ட்' என்ற சொல்கூட ஆதியில் பலம் என்றே பொருள் தந்தது. ஜெர்மனில் 'கிராஃப்ட்' இன்றும் பலம்தான். பலம் இருப்பவனைத்தான் பழைய உலகம் திறமைசாலி என்று அழைத்தது போலும். ஆனால் 'ஸ்கில்' வேறு வழியாக வந்த சொல். ஸ்காண்டிநேவிய மொழியில் பிரித்தறிதல், பகுத்துணர்தல் என்பது அதன் பழைய பொருள். மூளைக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்ததில் சந்தோஷம்.

சரி, இடது கைக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியமான பகுதி.

லத்தீனில் இடதுக்குச் சொல் 'சினிஸ்டெர்'. இன்று பயங்கரப் படங்களின் விமர்சனத்தில் வரும் அதே சினிஸ்டர். ஆனால் ரோமில் முதலில் இது கெட்ட சொல் அல்ல! பறவைகள் பறப்பதையும் இடி இடிப்பதையும் பார்த்துச் சகுனம் சொல்லும் அதிகாரபூர்வமான குருமார்கள் ரோமில் இருந்தார்கள். அவர்கள் தெற்கு நோக்கி அமர்வது வழக்கம். அப்போது இடது கைப் பக்கம் கிழக்கு, சூரியன் உதிக்கும் மங்கலமான திசை. ஆகவே இடது பக்கத்துச் சகுனம் நல்ல சகுனம். கிரேக்கர்களோ வடக்கு நோக்கி நின்று பார்த்தார்கள். அவர்களுக்குக் கிழக்கு வலது பக்கம் வந்தது, இடது துரதிர்ஷ்டம் ஆனது. கி.மு. 44இல் குறிசொல்லும் கலையைப் பற்றி எழுதிய நூலில் சிசரோ இந்த முரணைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். கிரேக்க இலக்கியத்தின் செல்வாக்கு ரோமில் ஏற ஏற, லத்தீன் கவிஞர்களும் இடதைக் கெட்டதாக எழுதத் தொடங்கினார்கள். சினிஸ்டெர் என்ற ஒரே சொல் அதிர்ஷ்டத்தையும் துரதிர்ஷ்டத்தையும் குறித்துக்கொண்டிருந்த ஒரு விநோதமான காலம் இருந்தது. கடைசியில் கெட்டதுதான் மிஞ்சியது.

எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரு கையின் தலையெழுத்து மாறியிருக்கிறது என்றால், அது இயற்கையின் தீர்ப்பு அல்ல, மனிதன் எழுதியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிரேக்கர்கள் இடதைக் கண்டு எவ்வளவு பயந்தார்கள் என்பதற்கு அவர்கள் சொற்களே சாட்சி. இடது பக்கத்துக்கு அவர்கள் வைத்த ஒரு பெயர் 'அரிஸ்டெரோஸ்', 'மேலானது' என்று பொருள். இன்னொன்று 'யுவோனிமோஸ்', நல்ல பெயர் கொண்டது. பெரியம்மையை மாரியாத்தா என்றும், பாம்பை நல்லது என்றும் சொல்கிறோமே, அதே மாதிரி. பயப்படும் பொருளை நேராகப் பெயர் சொல்லாமல் புகழ்ந்து சமாதானப்படுத்துவது. பழைய ஆங்கிலத்திலும் இடதுக்கு 'நட்பானது' என்ற வேரிலிருந்து ஒரு சொல் இருந்தது, ஸ்வீடிஷ் மொழியில் அதன் உறவு இன்னும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது வழக்கொழிந்து 'லெஃப்ட்' வந்து உட்கார்ந்தது. அதன் பழைய பொருள் பலவீனமானது, உதவாதது. 'ரைட்' என்றால் நேரானது, சரியானது, உரிமை. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு சொத்து, இன்னொரு பக்கத்துக்கு ஒரு வசை. தம்பிக்கு நிலத்தை எழுதிவைத்துவிட்டு அண்ணனுக்குக் கடனை எழுதிவைத்த மாதிரி!

பிரெஞ்சுக்காரர்கள் பழைய லத்தீன் சொற்கள் இரண்டையும் கைவிட்டார்கள். வலதுக்கு 'த்ருவா', அதாவது நேரானது. இடதுக்கு 'கோஷ்', கோணிப்போவது என்ற வினையிலிருந்து வந்தது. இவற்றிலிருந்துதான் ஆங்கிலத்துக்கு அட்ராய்ட் 17ஆம் நூற்றாண்டிலும் கோஷ் 18ஆம் நூற்றாண்டிலும் போய்ச் சேர்ந்தன. ஸ்பானியர்களோ இடதுக்கான லத்தீன் சொல்லைத் தொடவே அஞ்சினார்கள் போல. பக்கத்து வீட்டு பாஸ்க் மொழியிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். பழைய 'சினியெஸ்ட்ரோ' இன்றைக்கு ஸ்பெயினின் இன்ஷூரன்ஸ் படிவங்களில் விபத்து, சேதம் என்ற பொருளில் வாழ்கிறது. இடதுக்கு வாய்த்த இடத்தைப் பாருங்கள்.

நம்மூரில் மட்டும் என்ன வாழ்கிறது? வலது கை சோத்தாங்கை. இடது கை நொட்டாங்கை, அல்லது பீச்சாங்கை. பிந்தியதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நான் இடக்கைக்காரன். என் அப்பாயி இருந்தவரை சாப்பாட்டுத் தட்டு முன்னால் "டேய், சோத்தாங்கையால தின்னுடா" என்ற குரல் கேட்காத நாள் கிடையாது. சாப்பாட்டில் அவர் ஜெயித்தார், எழுதுவதில் நான் ஜெயித்தேன். இடது கையால் எழுதி, வலது கையால் சாப்பிடுகிற கலவையாக வளர்ந்தேன். தமிழ்நாட்டு இடக்கைக்காரர்களில் பலர் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடையில் ஞாபகம் இல்லாமல் இடது கையால் காசை நீட்டினால் இன்றும் சில அண்ணாச்சிகள் வாங்க மாட்டார்கள்.

வலங்கை, இடங்கை என்று சாதிகளையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்த வரலாறும் நமக்கு உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே அந்தப் பெயர்கள் வருகின்றன. 1707இல் தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது சென்னையில் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்று இரு தரப்பும் மோதிக்கொண்டதும், தெருக்களைப் பிரித்துக்கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டி வந்ததும் கம்பெனி ஆவணங்களில் விரிவாக இருக்கிறது. அது தனிப் பதிவுக்கான விஷயம் என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

மொழி இப்படி இடது கையை ஒதுக்கினாலும், பழைய கதைகளுக்கு அதன் மேல் ஒரு ரகசிய மரியாதை இருந்திருக்கிறது. பைபிளின் நியாயாதிபதிகள் ஆகமத்தில் ஏகூத் என்று ஒருவன் வருகிறான். பென்யமீன் கோத்திரத்தைச் சேர்ந்தவன், இடது கைப் பழக்கமுள்ளவன். இடக்கைக்காரன் என்பதற்கு எபிரேய மூலத்தில் இருப்பது 'வலது கை கட்டுண்டவன்' என்ற தொடர். அவர்களுக்கும் அது ஒரு குறைதான். அந்தக் குறையை வைத்தே அவன் மோவாபின் ராஜா எக்லோனைக் கொல்கிறான். எல்லோரும் கத்தியை இடது தொடையில் கட்டி வலது கையால் உருவும்போது, இவன் வலது தொடையில் உடைக்குள் மறைத்து வைத்து இடது கையால் உருவுகிறான். அதே ஆகமத்தில் பின்னால், மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறியும் எழுநூறு இடக்கைக்காரர்கள் வருகிறார்கள். அவர்களும் பென்யமீனியர்களே. வேடிக்கை என்னவென்றால் பென்யமீன் என்ற பெயருக்கு 'வலது கையின் மகன்' என்று அர்த்தம்!

ரோமானியர்களுக்கும் ஒரு இடக்கைக் கதை இருக்கிறது. கி.மு. 508 வாக்கில் நடந்ததாகச் சொல்லப்படும் புராணம் கலந்த வரலாறு. ரோமை முற்றுகையிட்ட போர்சென்னா என்ற அரசனைக் கொல்லப் போன காயுஸ் மூக்கியுஸ் என்ற இளைஞன் தவறான ஆளைக் குத்திவிட்டுப் பிடிபடுகிறான். சித்திரவதை செய்வோம் என்று மிரட்டியதும், தானே வலது கையை எரியும் தீயில் வைத்து, அது கருகும்வரை அசையாமல் நிற்கிறான். அரசன் மிரண்டுபோய் அவனை விடுவிக்கிறான். அன்றிலிருந்து அவனுக்குப் பட்டப்பெயர் 'ஸ்கைவோலா', இடக்கையன். இடது என்ற சொல்லை ரோம் பெருமையாகச் சூட்டியதற்கு வலது கையைக் காவு கொடுக்க வேண்டியிருந்தது.

ரோமானியர்களில் எனக்குப் பிடித்தவர் செல்சுஸ். கி.பி. முதல் நூற்றாண்டில் மருத்துவம் பற்றி எழுதியவர். அறுவை மருத்துவனுக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லும்போது, வலது கையைப் போலவே இடது கையையும் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். உயிரோடு விளையாடுகிற தொழிலில் சகுனம் பார்க்க நேரமில்லை போலும். இரண்டு கைகளையும் சமமாகப் பயன்படுத்துகிறவருக்கு ஆங்கிலத்தில் 'ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்' என்று சொல்வது உங்களுக்குத் தெரியும். அதைப் பிரித்துப் பாருங்கள்: இரண்டு பக்கமும் வலது. இடது கை திறமை காட்டினால் அதற்குப் பாராட்டு இல்லை, அதுவும் வலது கையாகிவிட்டது என்று அர்த்தம். அதோடு போகவில்லை. பழைய ஆங்கிலச் சட்ட வழக்கில் 'ஆம்பிடெக்ஸ்டர்' என்றால் வாதி, பிரதிவாதி இருவரிடமும் லஞ்சம் வாங்கும் ஜூரி. இரண்டு கையாலும் வாங்குகிறான் என்பது கணக்கு.

இந்த வேர் நம்மைச் சுற்றி எங்கெல்லாம் இருக்கிறது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஆஸ்பத்திரியில் ஏற்றும் குளுக்கோஸ் பாட்டிலில் 'டெக்ஸ்ட்ரோஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் டெக்ஸ்டெர்தான். 1848இல் லூயி பாஸ்டர், அப்போது அவருக்கு 25 வயது, ஒரு டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் சாய்ந்திருப்பதைக் கண்டார், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்துக் கரைத்தார். ஒரு கரைசல் முனைவுற்ற ஒளியை வலது பக்கம் திருப்பியது, மற்றது இடது பக்கம். குளுக்கோஸ் கரைசல் ஒளியை வலது பக்கம் திருப்புவதால் 1866இல் கெக்குலே அதற்கு டெக்ஸ்ட்ரோஸ் என்று பெயர் சூட்டினார். பழச்சர்க்கரை இடது பக்கம் திருப்புவதால் 'லெவுலோஸ்', இடதுக்கான இன்னொரு லத்தீன் சொல்லிலிருந்து. இங்கே மட்டும்தான் வலதும் இடதும் திட்டோ பாராட்டோ இல்லாமல் வெறும் திசைகளாக இருக்கின்றன. வேதியியலுக்கு நன்றி.

மற்ற அறிவியல்களுக்கு அப்படி நன்றி சொல்ல முடியவில்லை. 1903இல் இத்தாலியக் குற்றவியலாளர் சேஸரே லொம்ப்ரோசோ, குற்றவாளிகளிடமும் மனநோயாளிகளிடமும் இடக்கைப் பழக்கம் அதிகம் என்று ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். சினிஸ்டெர் என்ற சொல்லில் படிந்திருந்த பழைய பயத்துக்கு ஆய்வகச் சட்டை மாட்டிவிட்டது மாதிரி. அதே காலத்தில் இங்கிலாந்தில் எதிர்த் திசையில் ஒரு கூட்டம் புறப்பட்டது. 1905இல் ஜான் ஜாக்சன் என்பவர் எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு கையாலும் எழுதப் பழக்க வேண்டும் என்று ஒரு முழுப் புத்தகமே போட்டார். முன்னுரை எழுதியவர் பேடன் பவல், ஆம், சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவரேதான். சாரணர்கள் இன்றும் இடது கையால் கைகுலுக்குவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1907இல் ஜேம்ஸ் கிரைட்டன்-பிரவுன் என்ற புகழ்பெற்ற மருத்துவர் இந்த இருகை இயக்கத்தைக் கண்டித்து லண்டனில் உரை நிகழ்த்தினார். அந்த உரையின் தலைப்பிலேயே டெக்ஸ்டெரிட்டியும் சினிஸ்டரும் மோதிக்கொண்டன. மனிதன் வலக்கைக்காரனாகவே படைக்கப்பட்டவன் என்பது அவர் கட்சி.

இந்தச் சத்தங்களுக்கு நடுவில் 1909இல் பாரிஸில் ரொபேர் ஹெர்ட்ஸ் என்ற இளம் சமூகவியலாளர் அமைதியாக ஒரு கட்டுரை எழுதினார். வலது கையின் மேலாதிக்கம் பற்றிய கட்டுரை. எமில் துர்கைமின் மாணவர் அவர். உடலில் வலதுக்குச் சாய்வாக ஒரு சின்ன வித்தியாசம் இருக்கலாம், அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சின்ன வித்தியாசத்தை எடுத்து, புனிதம் - தீட்டு, ஆண் - பெண், வாழ்வு - சாவு என்ற தன் பாகுபாடுகளை எல்லாம் அதன் மேல் ஏற்றியது சமூகம் என்றார். பழகாத கை பலவீனமாகத்தான் இருக்கும். பழகவிடாமல் செய்துவிட்டு, பார், இது பலவீனம் என்று காட்டுவது எந்த ஊர் நியாயம் என்பதுதான் அதன் சாரம் என்று நான் புரிந்துகொண்டேன். தெற்கு நோக்கிய ரோமானியனையும் வடக்கு நோக்கிய கிரேக்கனையும் ஞாபகம் இருக்கிறதா? ஹெர்ட்ஸ் சொல்வது சரி என்று எனக்குத் தோன்ற அந்த இருவரே போதும். முதல் உலகப் போரில் 1915 ஏப்ரலில் அவர் கொல்லப்பட்டார். வயது 33.

பள்ளிக்கூடங்கள் ஹெர்ட்ஸைப் படிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் இடக்கைப் பிள்ளைகளை வலது கையால் எழுத வைத்தார்கள். கையைக் கட்டிப்போட்டார்கள், விரலில் அடித்தார்கள். அரச குடும்பமும் விலக்கல்ல. பின்னாளில் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஆன இளவரசர் இயல்பில் இடக்கைக்காரர், வலது கைக்கு மாற்றப்பட்டவர். அவருடைய திக்குவாயைப் பற்றி 2010இல் ஒரு படமே வந்தது. கையை மாற்றியதால்தான் திக்குவாய் வருகிறது என்று அமெரிக்காவில் 1920களிலும் 30களிலும் ஒரு கொள்கை பிரபலமாக இருந்தது. காரணம் அதுதான் என்று பிறகு நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அந்தப் பயமே பல பள்ளிகளில் பிரம்பைக் கீழே வைக்க வைத்தது என்கிறார்கள். தப்பான கொள்கையால் நல்லது நடந்த அபூர்வ சந்தர்ப்பம்.

இப்போது ஒரு புள்ளிவிவரக் கதை. 1991இல் ஸ்டான்லி கோரன், டயான் ஹால்பெர்ன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு பிரபல அமெரிக்க மருத்துவ இதழில் சின்னக் கடிதம் ஒன்றை வெளியிட்டார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் இறந்த 987 பேரின் குடும்பத்தாரிடம் அவர்கள் எந்தக் கைக்காரர்கள் என்று கேட்டிருந்தார்கள். வலக்கைக்காரர்களின் சராசரி இறப்பு வயது 75. இடக்கைக்காரர்களுக்கு 66. ஒன்பது வருட வித்தியாசம்! உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. இடக்கைக்காரர்கள் சீக்கிரம் சாகிறார்கள் என்ற இந்தச் செய்தியை இன்றும் யாராவது என்னிடம் கரிசனத்தோடு சொல்வார்கள்.

ஓட்டை எங்கே என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1991ஐ ஒட்டி 85 வயதில் இறந்தவர் 1905 வாக்கில் பிறந்தவர். அவர் பள்ளிக்குப் போன காலத்தில் இடது கையால் எழுத விடமாட்டார்கள். ஆகவே அவர் இயல்பில் இடக்கைக்காரராக இருந்தாலும் வலக்கைக்காரராக வாழ்ந்து, வலக்கைக்காரர் கணக்கில் இறந்திருப்பார். 30 வயதில் இறந்தவரோ 1960இல் பிறந்தவர், அவரை யாரும் மாற்றவில்லை. எனவே இறந்தவர்களின் பட்டியலில் இடக்கைக்காரர் எனப் பதிவானவர்களில் இளையவர்கள் அதிகமாக இருப்பார்கள், சராசரி தானாகக் குறையும். யாருமே ஒரு நாள்கூட முன்னதாகச் சாக வேண்டியதில்லை. 1986இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை வாசனை பற்றி நடத்திய கருத்தெடுப்பில் போகிற போக்கில் எந்தக் கையால் எழுதுகிறீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிலளித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களில் இடது கையால் எழுதுகிறவர்கள் 3, 4 சதவீதம்தான். நூற்றாண்டின் நடுவில் பிறந்தவர்களில் அது 12 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. முப்பது நாற்பது ஆண்டுகளில் மரபணு மாறிவிடாது, வாத்தியார்கள்தான் மாறியிருக்கிறார்கள். பாஸ்டனில் முதியவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1993இல் வெளியான ஆய்வில் இரு கைக்காரர்களின் இறப்பு விகிதத்தில் வித்தியாசமே தெரியவில்லை.

எனக்கு இதில் உறைத்தது இதுதான். நூறு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வகுப்பறையில் விழுந்த அடி, பிரம்பும் வாத்தியாரும் அந்தப் பிள்ளையும் போன பிறகு, ஒரு சராசரி எண்ணுக்குள் ஒளிந்துகொண்டு, இடது கை துரதிர்ஷ்டம் என்ற ரோமானியச் சகுனத்தை அறிவியல் முடிவாக மறுபடியும் சொல்ல வைத்திருக்கிறது.

2020இல் சுமார் 24 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்துச் செய்த ஆய்வின்படி உலகில் இடக்கைக்காரர்கள் 10.6 சதவீதம். இந்த விகிதம் மிகப் பழையது என்று நம்ப இடமிருக்கிறது. பிரான்ஸ், ஸ்பெயின் குகைகளில் கையைச் சுவரில் வைத்துச் சுற்றிலும் சாயம் ஊதிப் பதித்த ஆதிமனிதக் கைச்சுவடுகளில் பெரும்பாலானவை இடது கைகள். அதாவது வலது கை வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் வலது கைகளும் அங்கங்கே இருக்கின்றன, அவற்றைப் பதித்தவர்களில் நம்மாட்கள் சிலர் இருந்திருப்பார்கள் என்று நினைப்பதில் ஒரு சின்ன சந்தோஷம்.

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணங்கள் இரண்டு. சச்சின் டெண்டுல்கர் வலது கையால் பேட் பிடித்து, இடது கையால் ஆட்டோகிராஃப் போடுகிறவர். காந்தி 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும்போது கில்டோனன் காசில் என்ற கப்பலில் 'இந்திய சுயராஜ்யம்' நூலைக் குஜராத்தியில் எழுதினார். பத்தே நாளில் முடித்துவிட்டார். எழுதி எழுதி வலது கை ஓய்ந்தபோது நிறுத்தாமல் இடது கைக்குப் பேனாவை மாற்றிக்கொண்டார். 275 பக்கக் கையெழுத்துப் பிரதியில் சுமார் 40 பக்கங்கள் இடது கை எழுத்து. அந்தப் பிரதியை அப்படியே நகலெடுத்து அச்சிட்டிருக்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நாளைய மாதிரித் தேர்வுக்கு அறை ஒதுக்கீடு வந்திருக்கிறது. எங்கள் தேர்வு அறைகளில் எழுதும் பலகை பொருத்திய நாற்காலிகள்தான். நாற்பதிலும் பலகை வலது பக்கம். மூன்று மணி நேரம் உடம்பை முறுக்கிக்கொண்டு எழுதிவிட்டு வந்து பின்னூட்டங்களுக்குப் பதில் போடுகிறேன். உங்கள் ஊர் வழக்கில் இடது கைக்கு வேறு பெயர் இருந்தால் தவறாமல் சொல்லுங்கள்.